ஒரே கூரை, இரண்டு வாசல்

போஸ்னியாவின் மோஸ்தார் நகரத்துப் பழைய பாலம் 1566-இல் கட்டியது. 1993 நவம்பரில், போரின்போது, போஸ்னியக் குரோவாசியப் படையின் குண்டுகள் அதை ஆற்றில் தள்ளின. உலக வங்கி, யுனெஸ்கோ, துருக்கி, இத்தாலி என்று ஆளுக்கொரு கை கொடுக்க, 2004-இல் பழையபடி எழுந்து நின்றது. கல்லைச் சேர்ப்பது சுலபம் போலிருக்கிறது.

பிள்ளைகளைச் சேர்ப்பதில்தான் சிக்கல். போரில் சிதறிய போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), குரோவாசியக் குடும்பங்கள் ஊர் திரும்பியபோது, தற்காலிக ஏற்பாடாக 'ஒரே கூரையின்கீழ் இரு பள்ளி' பிறந்தது. கட்டடம் ஒன்று, பாடத்திட்டம் இரண்டு, சரித்திரம் இரண்டு, பல இடங்களில் வாசலும் இரண்டு. பாகம் பிரித்த வீட்டின் நடுக்கூடத்தில் சுவர் எழுப்புகிற கணக்கு. நாட்டில் இப்படி 50-க்கும் மேல் பள்ளிகள்.

கேட்டால், தாய்மொழி வேறாம்! அந்நாட்டு சிகரெட் அட்டையில் 'புகைத்தல் கொல்லும்' என்று மூன்று மொழிகளில் போட்டார்கள். போஸ்னிய வரியும் குரோவாசிய வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. செர்பிய வரியும் அதேதான், சிரிலிக் உடுப்பில். சாவு விஷயத்தில் மட்டும் மூவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

எல்லாத் தரப்புக்கும் பொதுவான ஒரு வீரர் வேண்டுமே? தேடித் தேடி, ஜெர்மன் உதவியோடு 2005-இல் மோஸ்தாரில் புரூஸ் லீக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அவர் எந்தப் பக்கமும் இல்லை, அதுதான் தகுதி. திறந்த சில மணி நேரத்திலேயே யாரோ சேதப்படுத்திவிட்டார்கள்.

பாலத்தைப் பார்க்க உலகமே வருகிறது. பள்ளிகளின் தற்காலிக ஏற்பாடு இருபது ஆண்டுகளைத் தாண்டியும் நடந்துகொண்டிருக்கிறது.