ப்ரீமெட் அங்கிள்

"பயாலஜியா? வேண்டவே வேண்டாம்" என்றார். பையன் எட்டாம் வகுப்பு. கையில் வடைத் தட்டு. அவன் பயாலஜி என்று சொல்லவே இல்லை. "ஹாய் அங்கிள்" என்றுதான் சொன்னான்.

அமெரிக்காவில், எங்கள் எடிசனில் இப்படி ஒருவர் இருக்கிறார். ஃப்ரீமான்ட்டில் ஒருவர், டெக்ஸஸ் ப்ளேனோவில் தெருவுக்கு ஒருவர் என்று கேள்வி. பொங்கல் விழா, அரங்கேற்றம், கிரஹப்பிரவேசம் எதுவானாலும் காபி ஃப்ளாஸ்க்குக்குப் பக்கத்தில் நிற்பார். காபிக்கு வந்துதானே ஆக வேண்டும்?

ப்ரீமெட் அங்கிள் டாக்டர் அல்ல. ஏதோ ஒரு வங்கியில் டேட்டாபேஸ் பார்க்கிறார். தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வையும் சேர்த்து 300-க்குக் கட்ஆஃப் போட்ட காலத்தில் அரை மார்க்கில் மெடிக்கல் சீட்டைக் கோட்டை விட்டவர். அந்த அரை மார்க்கைப் பற்றி அவர் பேசுவதில்லை. அவர் மனைவி பேசுவார். அவருடைய சொந்த மேஜர், அதாவது முதன்மைப் பாடம், முடிவானது அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில். திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து அப்பா "ஈசிஇ போடுடா" என்று முதுகில் இடித்தார், போட்டார். யோசிக்கக் கிடைக்காத அந்த நேரத்தையெல்லாம் இப்போது ஊரார் பிள்ளைகளுக்காக யோசித்துத் தீர்க்கிறார்.

யோசிக்க இந்த நாட்டில் இடமும் நிறைய. ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு, நீட், நேரே எம்பிபிஎஸ். இங்கே முதலில் நாலு வருஷம் ஒரு டிகிரி (மெடிக்கலைக் குறிவைத்து அதைப் படிப்பதுதான் ப்ரீமெட்), அதன் பிறகுதான் நாலு வருஷ மெடிக்கல் ஸ்கூல். அந்த முதல் டிகிரி இன்னதில்தான் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் சொல்வதே இல்லை. பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் எல்லாம் பெரும்பாலும் லேபோடு வேண்டும், பயோகெமிஸ்ட்ரி வேண்டும், மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 2015-இலிருந்து சைக்காலஜியும் சோஷியாலஜியும் சேர்ந்துவிட்டன. இவற்றை முடித்துவிட்டால் லத்தீனில் பட்டம் வாங்கலாம், வயலினில் வாங்கலாம். விண்ணப்பிக்கிறவர்களில் பாதிக்கு மேல் உயிரியல் பக்கம் போவதற்குக் காரணம் எளிது: டிகிரிக்குப் படிப்பதே மெடிக்கலுக்கும் கணக்காகிவிடும்.

இப்படி ஒரு எளிய காரணத்தை அங்கிளால் ஏற்க முடியாது. அவரிடம் ஏ-17 இருக்கிறது.

ஏ-17 என்பது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணை. எந்த மேஜரிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களுடைய ஜிபிஏ என்ன, எம்கேட் சராசரி என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். அவர் போனில் குழந்தைகளின் படங்களைவிட அது சீக்கிரம் திறக்கும். இலக்கியம், தத்துவம், வரலாறு படித்தவர்களில் சேருகிறவர்களின் விகிதம் உயிரியல்காரர்களைவிடச் சற்றே அதிகம். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எங்கள் ஊரில் ஒரு பிள்ளை நிம்மதியாகத் தவளை அறுத்ததில்லை. ஆனால் தத்துவம் படிக்கிறவர்களில் மெடிக்கலுக்குப் போடுவதே சிறு கூட்டம். கான்ட்டையும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியையும் ஒரே செமஸ்டரில் கட்டி இழுத்தவள் எந்த மேஜரிலும் சேர்ந்திருப்பாள். அங்கிளுக்கு இது தெரியாதா? ஆபீஸில் ஜூனியர் ஒருவன் வங்கிக் கணக்குகளை வைத்து இப்படி முடிவுகட்டினால் கிழித்துத் தொங்கவிடுவார்.

அவர் அகராதியில் மொத்தம் இரண்டு தீர்ப்பு: நிக்கும், நிக்காது. அப்ளிகேஷனில்.

"பரதநாட்டியமா? எல்லாத் தமிழ்ப் பொண்ணும் ஆடுது. நிக்காது. பறை கத்துக்கோ, நிக்கும்." "செஸ் நிக்காது, தேனீ வளர்ப்பு நிக்கும்." "ஹாஸ்பிடல் வாலன்டியர்னு வீல்சேர் தள்ளுறது நிக்காது. ஆம்புலன்ஸ்ல போ." தேனீ வளர்க்கச் சொன்ன வீட்டில் பையன் தேனீ கொட்டி முகம் வீங்கி, அதே ஆம்புலன்ஸில் போனான். நலம் விசாரிக்க வந்தவர், "இதை எழுது, நல்லா நிக்கும்" என்றார்.

விண்ணப்பத்தில், ஏன் டாக்டராக விரும்புகிறேன் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். 5,300 எழுத்து எல்லை. ஒரு பெண் தன் பாட்டி ஐசியூவில் கிடந்ததைப் பற்றி எழுதியிருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "பாட்டி நிக்காதும்மா. எல்லாரும் பாட்டியைத்தான் எழுதுறாங்க. தாத்தான்னாகூடப் பரவாயில்லை." குணமாகி வீடு திரும்பியிருந்த அந்தப் பாட்டி பக்கத்துச் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபி டம்ளரை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

சாட்சிக்கு இரண்டு டாக்டர்-எழுத்தாளர்களை எப்போதும் கையோடு கூட்டி வருவார். அதுல் கவாண்டே பாலிட்டிகல் சயின்ஸ் படித்தவர் என்பார், உண்மை. ஸ்டான்ஃபோர்டில் அதோடு பயாலஜியும் சேர்த்துப் படித்தார் என்பதை விட்டுவிடுவார். பால் கலாநிதி ஆங்கில இலக்கியம் என்பார், அதுவும் உண்மை. அங்கேயே ஹ்யூமன் பயாலஜியிலும் பட்டம் வாங்கினார் என்ற பாதியைக் கத்தரித்துவிடுவார். நியூரோசர்ஜரி பயிற்சியின் கடைசி ஆண்டுகளில் நுரையீரல் புற்று வந்து, 2015-இல் முப்பத்தேழு வயதில் போன மனிதர் கலாநிதி. சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் எழுதிய புத்தகம் மறு ஆண்டு வெளிவந்தது. அங்கிள் அதன் பின்னட்டையைப் படித்திருக்கிறார். "பாருங்க, இங்கிலீஷ் மேஜர்" என்றார்.

என் வீட்டுக்கும் வந்தார். என் மகளுக்கு ஐந்து வயதிலிருந்து கல் பைத்தியம். டெலவேர் ஆற்றங்கரைக்குப் போனால் கார் டிக்கியில் கல் கனக்கும். துணி துவைக்கப் போட்டால் மெஷினில் கடகடவென்று கல் ஓடும். டாக்டராகவும் ஆசை, ஆனால் காலேஜில் ஜியாலஜி படிக்கப்போகிறேன் என்றாள். அங்கிள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "ஜியாலஜி! பிரமாதம்! நம்ம பசங்க யாருமே போடறதில்லை. எஸ்ஸேயைக் கல்லுல ஆரம்பிச்சு கிட்னி ஸ்டோன்ல முடிச்சுடலாம்."

நானும் சிரித்தேன். ஆனால் அதற்கு அடுத்த மாதம் பென்சில்வேனியாவில் ஒரு பாறைச் சரிவில் அழகான ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவள், "இது நிக்குமாப்பா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். எனக்கு விளையாட்டாக இல்லை. இவர் செய்கிற கெடுதல் இதுதான். ஒரு பிள்ளை ஒன்றைச் சும்மா பிடித்துப்போய்ச் செய்ய இவர் விடுவதில்லை. தத்துவம் பிடிக்கும் என்றால் "நல்ல ஸ்ட்ராட்டஜி" என்கிறார். பிடிக்காது என்றால் "பிடிக்கிற மாதிரி எழுதலாம்" என்கிறார். பதினேழு வயதில் ஒருத்திக்குக் கல் பிடித்திருப்பதைக் கேட்டுவிட்டு, என்ன கல், எங்கே கிடைத்தது என்று விசாரிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. அவளைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. "பாப்பாவுக்கு ஜிபிஏ எவ்வளவு?" என்று என்னைக் கேட்டார். பாப்பா எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்.

திட்டி முடித்துவிடலாம் என்று பார்த்தால், அது முடிவதில்லை. இதே வேலைக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் ஆலோசகர்கள் இருக்கும் நாட்டில் இவர் யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. விண்ணப்பத்தின் கடைசி நாள் எது என்று பிள்ளையும் மறந்து, பெற்றோரும் மறந்தால் இவர்தான் போன் செய்வார். எங்கள் அடுக்ககத்தில் ஒரு பெண். அப்பாவும் அம்மாவும் ஏதோ சாவுக்காகத் திருச்சி போயிருந்த நேரத்தில் அவளுக்கு எம்கேட். அது ஏழரை மணி நேரக் கூத்து. உள்ளூர் மையம் கிடைக்காமல் எங்கோ தள்ளி விழுந்திருந்தது. விடிவதற்கு முன் இவர்தான் காரில் கூட்டிப் போனார். ஆபீஸுக்கு லீவு. மையத்தின் பார்க்கிங்கிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார், மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தோடு. சாயங்காலம் வெளியே வந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். எம்கேட் மதிப்பெண் 472-இலிருந்து 528 வரை போகும். அதில் தனக்கு எவ்வளவு தேறும் என்று அவளே பேச்செடுத்தபோது, "அதெல்லாம் அப்புறம், முதல்ல சாப்பிடு" என்றாராம். இதை அவள் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை.

அந்தப் பெண் சேர்ந்துவிட்டாள், இப்போது இரண்டாம் வருஷம். மேஜர் என்ன என்று கேட்காதீர்கள், பயாலஜி. அவளைப் பொறுத்தவரை ஏ-17-க்கு வேலை முடிந்தது, அங்கிளுக்கு முடியவில்லை. லைசென்ஸுக்கான முதல் தேர்வான ஸ்டெப் 1-இல் 2022 ஜனவரியிலிருந்து மார்க் கிடையாது, வெறும் பாஸ் அல்லது ஃபெயில். எண் இல்லாத ஒரு ரிசல்ட்டை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஒரு வாரம் இருந்தாராம். பிறகு தேறி, டெர்மட்டாலஜிக்கு எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

அவள், "இல்ல அங்கிள், ஃபேமிலி மெடிசின் பண்ணலாம்னு இருக்கேன்" என்றாளாம்.

போனில் வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தாளாம்.

"எங்கே? அலாஸ்காவிலயா?"

"இன்னும் யோசிக்கலை அங்கிள்."

"அலாஸ்கான்னா நிக்கும்."