வெள்ளிக்கிழமைக்கும் குழாய்த் தண்ணீருக்கும் மீச்சிறு பொது மடங்கு: திருப்பூர் வீடுகளின் துப்புரவுக் காலக்கணக்கு குறித்து ஓர் ஆய்வு

பின்னலாடை, அந்நியச் செலாவணி, நொய்யல் என்ற மூன்று தலைப்புகளில் திருப்பூரை ஆராய்ந்து முடித்துவிட்டதாக அறிஞர்கள் நினைக்கிறார்கள். அந்த ஊரில் ஒரு வீட்டை என்றைக்குக் கழுவிவிடுவது என்ற அடிப்படைக் கேள்வியோ இன்னும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. வீட்டுத் துப்புரவுக்கு அட்டவணை வகுப்போர் எல்லாரும் கிழமையை நம்பியே வகுக்கிறார்கள்: திங்கள் சமையலறை, செவ்வாய் பீரோ, வெள்ளி வீடு முழுக்க. இக்கட்டுரையின் கருதுகோள் வேறு. திருப்பூரில் துப்புரவின் இயற்கையான கால அலகு வாரம் அன்று. ஒரு தடவை தண்ணி வந்த நாளுக்கும் மறு தடவை வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே அது.

முதற்கண் கணிதச் சான்று. ஒரு தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் வருவதாகக் கொள்வோம். வெள்ளிக்கிழமையோ ஏழு நாளைக்கு ஒருமுறை வருகிறது. நான்குக்கும் ஏழுக்கும் மீச்சிறு பொது மடங்கு 28. ஆக, வெள்ளியும் தண்ணீரும் ஒரே நாளில் கூடுவது ஆண்டுக்குப் பதின்மூன்று முறை. ஐந்து நாளைக்கு ஒருமுறை என்றால் 35 நாளுக்கு ஒரு சந்திப்பு. ஆறு என்றால் 42. ஏழு நாளைக்கு ஒருமுறை என்றால் நிலைமை இன்னும் விபரீதம்: இரண்டும் எப்போதும் சேர்ந்தே வரும், அல்லது எந்தக் காலத்திலும் சேரா. சேர்ந்துவிட்டாலும் கதை முடிவதில்லை. பனியன் கம்பெனியில் வார விடுமுறை ஞாயிறு. வெள்ளியன்று ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். கணவன், மனைவி இருவரும் கம்பெனிக்குப் போகும் லைன் வீட்டில், அந்தப் பதின்மூன்று நாட்களிலும் குழாய் இருக்கும், கிழமை இருக்கும், கழுவ ஆள் இருக்காது.

அடுத்து பொருட்சான்று. திருப்பூர் வீட்டு அழுக்கு பிற ஊர் அழுக்குப் போன்றதன்று. அதில் பஞ்சு உண்டு. வட்டப் பின்னல் இயந்திரம் ஓடும்போது நூலிலிருந்து பஞ்சு பறக்கும். அது ஊசிகளில் படியாமல் ஊதித் தள்ளவே இயந்திரத்தின் தலைமேல் காற்றாடி சுழல்கிறது. ஊதப்பட்ட பஞ்சு தொழிலாளியின் தலைமுடியில் ஏறி, வீடு வந்து, வீட்டுக் காற்றாடியின் இறக்கையில் குடியேறுகிறது. கம்பெனிக் காற்றாடி துரத்தியதை வீட்டுக் காற்றாடி சேமித்துவைக்கிறது. இப்பஞ்சைச் சீமாறு போட்டுக் கூட்டினால் அது எழுந்து இடம் மாறுமே தவிர வெளியேறாது. ஈரத் துணிக்குத்தான் கட்டுப்படும். ஈரத்துக்குத் தண்ணீர் வேண்டும். எனவே பஞ்சின் விதியும் குழாயின் கையில்தான் இருக்கிறது.

இனி பூர்வபட்சம். போர் தண்ணீர் இருக்க, குழாயை ஏன் கட்டி அழவேண்டும் என்பர் சிலர். உப்புத் தண்ணீரில் துடைத்த டைல்ஸ் காய்ந்ததும் வெள்ளை பூத்து நிற்கும். அது அழுக்கை எடுத்து உப்பை வைக்கும் பண்டமாற்று. வெள்ளிக்கிழமை கழுவாத வீட்டில் லட்சுமி தங்குவாளா என்பர் வேறு சிலர். மரபு கேட்பது விளக்கேற்றுமுன் வீடு கூட்டியிருக்க வேண்டும் என்பதே. எத்தனை வாளி ஊற்றவேண்டும் என்று அது வரையறுக்கவில்லை. ஆகவே வெள்ளிக்குச் சீமாறு, தண்ணீர் நாளுக்குத் துடைப்பு என்று பாகம் பிரித்தால் இருதரப்புக்கும் நட்டமில்லை. புதுத் தண்ணீரைத் தரையில் கொட்டுவது பாவம் என்பது மூன்றாவது மறுப்பு, இதுவே கனமானது. விடை எளிது: கழுவ வேண்டியது புதுத் தண்ணீரால் அன்று, டிரம்மில் மிஞ்சிய பழைய தண்ணீரால். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறைகள் பெரும் செலவில் கற்ற அந்தப் பாடத்தை, துணி அலசிய தண்ணீரில் தரை துடைத்து, தரை துடைத்ததைக் கக்கூசுக்கு ஊற்றும் வீடுகள் எந்தத் தீர்ப்பும் இல்லாமலே கடைப்பிடித்து வந்திருக்கின்றன.

தண்ணீர் சொன்ன நாளில் வராதே, அதை நம்பி எப்படித் திட்டமிடுவது என்பது இறுதி மறுப்பு. இதை மற்ற ஊர்க்காரர் கேட்கலாம், திருப்பூர்க்காரர் கேட்கக்கூடாது. நூல் தாமதம், சாயம் தாமதம், மின்சாரம் இல்லை என்று எல்லாம் தள்ளிப்போயும் ஷிப்மெண்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, பேக்கிங், அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங் என்று நாள் குறிப்பது இவ்வூரின் தொழில். வீட்டுக்கும் அதே முறைதான். தண்ணீர் நாளுக்கு இரண்டு நாள் முன்பு ஒட்டடையும் காற்றாடியும். முந்தின நாள் அலமாரித் தட்டும் ஜன்னலும். அன்று மிச்சத் தண்ணீரில் தரை. கடைசியாக டிரம்மைத் தேய்த்துக் கவிழ்த்தல். தண்ணீர் ஒரு நாள் தள்ளினால் அட்டவணையும் ஒரு நாள் தள்ளும், யார்மீதும் பழியில்லை. இவற்றால் பெறப்படும் முடிபு: திருப்பூரில் துப்புரவு அட்டவணையைக் காலண்டரில் குறிப்பது வீண் வேலை. அதை டிரம்மின் மூடியில் ஒட்டுக.