மெத்தையில புல்லு வளக்கப்போற தம்பிக்கு

வாப்பு, உக்காரு. நவபாசாணத்துல ஒம்போது கல்லையும் கும்பிட்டாச்சா? அதென்ன கையில சுருட்டி வச்சிருக்க, படமா? பட்டணத்துப் பழைய ஆபீஸ் கட்டடத்தைப் புதுப்பிச்சு மொட்டை மாடியில தோட்டம் போடப்போறியாக்கும். அடி சக்கை!

எனக்கு ஒண்ணுதான் விளங்கல. பழைய கட்டடம்னா காக்கா எச்சம் போட்டு, கைப்பிடிச் சுவத்துல அரசங்கன்னு மொளைக்கும். அதை வெட்டி, வேருக்கு மருந்து ஊத்த ஒரு டெண்டர் விடுவாக. இப்ப அதே எடத்துல செடி வைக்க இன்னொரு டெண்டரா? காக்கா காசு கேக்காமத்தானே வச்சுச்சு?

அந்தக் கட்டடத்துல இருக்கிற மெட்ராஸ் தளத்தைப் போடுறதைப் பாத்திருக்கியா? தேக்குக் கட்டையைப் பரப்பி, செங்கலைச் சுண்ணாம்புல குத்துக்கல்லா அடுக்கி, மேல செங்கல் ஜல்லி கொட்டி, பொம்பளையாளுக வரிசையா உக்காந்து கட்டையால தட்டித் தட்டி இறுக்குவாக. கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் தெளிச்சுக்கிட்டே தட்டணும். அதுக்கு மேல தட்டோடு. இம்புட்டும் எதுக்கு? மழைத்தண்ணி நிக்காம ஓடத்தான். அந்தத் தளத்துத் தலையில வருசம் முச்சூடும் ஈரத்தைக் கட்டி வைக்கப்போற. கட்டை உளுத்தா கரையான்தான் பால் காய்ச்சிக் குடி வரும். 100 சதுரடிக்கு ஒரு அடி மண்ணு கொட்டினா, நனைஞ்சப்புறம் 5 டன் கனம் வரும். யாரு சுமக்குறது, நீயா?

சிகாகோவைப் பாருங்கிற. பாத்தேன், பேரன் செல்லுல காட்டினான். 1911-ல கட்டி முடிச்ச நகராட்சி ஆபீஸு, 2001-ல மேல தோட்டம். கட்டடத்துல பாதி நகராட்சிக்கு, பாதி கவுண்டிங்கிற ஜில்லாக்காரனுக்கு. அண்ணந்தம்பி பாகம் பிரிச்ச வீடு மாதிரி இங்கிட்டுப் பச்சை, அங்கிட்டுக் கறுப்புத் தாரு. வெயில் காலத்துல பச்சைப் பக்கம் நல்லாவே சூடு கொறஞ்சிருக்கு. நான் இல்லேங்கல. ஆனா மரம் வச்சவன் தூணுக்கு நேர் மேல பாத்து வச்சான். ஒன் படத்துல மரம் எங்க நிக்குது? ரெண்டு சுவத்துக்கும் நட்ட நடுவுல!

நம்ம பக்கமும் பாரு, சேப்பாக்கத்துப் பழைய கலச மகால் 2012-ல தீப்புடிச்சுச்சு, சரிபண்ணினாக. இப்ப அங்க இருக்கிறது பசுமைத் தீர்ப்பாயம். பச்சைக்கே தீர்ப்புச் சொல்றவுக, தலைக்கு மேல புல்லு இருந்தாத்தான் வழக்குக் கேப்போம்னா சொன்னாக?

நம்மூருக் குடிசையில சுரைக்கொடி ஏறலையா? வேரு தரையில, காய் கூரையில. எந்த ஆர்க்கிடெக்ட் வரைஞ்சு குடுத்தாரு? ஒனக்கும் அதான். கொடியைக் கீழ நட்டு மேல ஏத்து. ஆசை அடங்கலேன்னா சுவத்தை ஒட்டி, அடியில செங்கல் குடுத்து, தென்னைநார்க் கழிவு போட்ட பையில கத்திரி, வெண்டை வை. ஒழுகினாலும் குனிஞ்சு பாத்துக்கலாம். சீமைப் புல்லு, பெரணி எல்லாம் வேணாம். கடலோர வாடைக்காத்து உப்பை அள்ளிட்டு வந்து தடவுச்சுன்னா கருகிப்போகும்.

படத்தைத் திருப்பு, நல்லாப் பாப்போம். காப்பி குடிக்கிற பொண்ணு இருக்கு. மடியில கம்ப்யூட்டரோட நாலு பயலுக இருக்கானுக. சனி, ஞாயிறு ஆபீஸு பூட்டு, சித்திரை வெயிலு வேற. வாளியோட ஒரு ஆளையும் காணமே? அவருக்குச் சம்பளம் எம்புட்டுன்னு எழுதிக்கிட்டு வா, பெறகு பேசலாம்.