பூவா, தலையா?

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த மைத்துனன் பேன்ட்டை உதறியபோது ஒரு கால் டாலர் காசு உருண்டு வந்தது. அந்த ஊரில் இதற்குக் குவார்ட்டர் என்று பெயர். (நீங்கள் நினைக்கும் குவார்ட்டர் இல்லை.) எடுத்துப் பார்த்தேன். பின்னந்தலையில் ரிப்பன், இடப்பக்கப் பார்வை, இறுக மூடிய வாய். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஏதோ மனத்தாங்கல்.

வாய்க்குக் காரணம் பல்லாகவும் இருக்கலாம். 1789-ல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது மனிதருக்குச் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான். மரப்பல் கட்டியிருந்தார் என்பது கட்டுக்கதை. உண்மை அதைவிட மோசம்: நீர்யானைத் தந்தம், கூடவே அடுத்தவர் பல்!

மனத்தாங்கலுக்குக் காரணம் இந்தக் காசேதான் என்பது என் கட்சி. 1792-ல் நாணயச் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள். ஜனாதிபதியின் தலையைப் போடலாம் என்றது செனட். அப்போது ஜனாதிபதி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை; ஐஸ் வைப்பது பழைய கலை. பிரதிநிதிகள் சபை ஒத்துக்கொள்ளவில்லை. காசில் தலை போடுவது ராஜாக்களின் பழக்கம், அதை ஒழிக்கத்தானே எட்டு வருஷம் சண்டை? இப்போதைய தலை நல்ல தலை, இனி வரப்போகும் தலைகளுக்கு யார் ஜாமீன்? ஆக, தலைவர் அவுட். சுதந்திரம் என்னும் பெண் காசில் ஏறினாள்.

1932-ல் வாஷிங்டனுக்கு 200-வது பிறந்தநாள். காசு அடிக்காமல் என்ன பிறந்தநாள்? அரை டாலரா, கால் டாலரா என்று யோசித்து, கால் டாலர் என்று முடிவானது. அதில் 1916-லிருந்து கால்கடுக்க நின்றிருந்தவள் அதே சுதந்திர தேவி. அவளை அனுப்பிவிட்டு வாஷிங்டனைக் கொண்டுவந்தார்கள். சுதந்திரம் வாங்கித் தந்தவரின் பிறந்தநாள் பார்ட்டியில் சுதந்திரத்துக்கே இடமில்லை.

முகத்துக்கு மாதிரி, ஊதோன் என்ற பிரெஞ்சுச் சிற்பி செய்த சிலை. 1785-ல் மவுண்ட் வெர்னன் வீட்டுக்கே வந்து வாஷிங்டனின் முகத்தில் சாந்தைப் பூசி அச்செடுத்தவர். மனைவி வழிப் பேத்தி நெல்லிக்கு அப்போது ஆறு வயது. எட்டிப்பார்த்தால், மேஜைமேல் தாத்தா நீட்டிப் படுத்திருக்கிறார், மேலே துணி, முகமெல்லாம் வெள்ளை, மூச்சுவிட மூக்கில் இரண்டு இறகுக் குழாய். பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைத்துவிட்டாள் குழந்தை. ஒரு செல்ஃபிக்கு இவ்வளவு பாடா!

பிறகு டிசைன் போட்டி. நுண்கலை ஆணையம் லாரா கார்டின் ஃபிரேசர் என்ற சிற்பியைத் தேர்ந்தெடுத்தது. நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலனுக்கோ ஜான் ஃபிளானகனின் டிசைன்தான் பிடித்தது. ஆணையம் மல்லுக்கு நின்றது. மெலன் போய் ஆக்டன் மில்ஸ் வந்தார்; ஆள்தான் மாறினார், பதில் மாறவில்லை. இதுக்கு எதுக்குய்யா போட்டி என்று கேட்பவர்கள் டெண்டர் எடுத்துப் பழகாதவர்கள்.

ஆகஸ்ட் 1 அன்று காசு வெளியானது. சரியான நேரம்: பெருமந்தத்தில் ஊரே வேலையில்லாமல் நிற்கிறது, புதுக் காசுக்கு என்ன அவசரம்? டென்வரில் 4,36,800, சான் பிரான்சிஸ்கோவில் 4,08,000 மட்டுமே அடித்தார்கள். 1933-ல் ஒன்றுகூட அடிக்கவில்லை. இன்றைக்கு அந்த இரண்டு ஊர்க் காசுக்குத்தான் சேகரிப்பாளர்களிடையே அடிதடி.

1934-ல் திரும்பி வந்தார் வாஷிங்டன். பிறந்தநாளுக்கு என்று வந்த விருந்தாளி, கிளம்புகிற பேச்சே இல்லை.

லாரா 1966-ல் காலமானார். அவருடைய வாஷிங்டன் 1999-ல் ஓர் ஐந்து டாலர் தங்கக் காசில் தலைகாட்டினார். 2022-ல், சாதனைப் பெண்களுக்கான வரிசையில், கால் டாலருக்கே வந்து வலப்பக்கம் பார்த்தார். கழுத்தைத் திருப்பத் தொண்ணூறு வருஷம்!

இதையெல்லாம் மைத்துனனிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். காசை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"எந்தப் பக்கம் பார்த்தா என்ன அத்தான்? எங்க அபார்ட்மென்ட் வாஷிங் மெஷின் ரெண்டையும் முழுங்குது."