மதுரை எதுவரை?

ஈஸ்ட் ஹாம், லண்டன்
தை 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்காதீர்கள். போனில் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லும். இது அம்மா காதுக்குப் போகக்கூடாத விஷயம்.

அதற்கு முன்னால் ஒரு பழியைத் துடைத்துக்கொள்கிறேன். போன மாதம் அம்மாவிடம், இங்கே ஒரு சோஷியல் கிளப்புக்கு நான் செயலாளர் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படீன்னா என்ன என்று கேட்டது. வாய்க்கு வந்த தமிழில் "மனமகிழ் மன்றம்" என்றேன். தீர்ந்தது கதை. நம் பக்கம் அந்தப் பெயரில் போர்டு மாட்டிய கட்டடங்களுக்குள் மனம் எப்படி மகிழ்கிறது என்று ஊருக்கே தெரியும். மறுநாளே செல்லூர்ப் பெரியம்மாவிலிருந்து திருநகர் அத்தை வரைக்கும், "பய லண்டன்ல சீட்டுக் கிளப் வச்சிருக்கானாம், சரக்கும் உண்டாம்" என்று தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தை அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்கு வேண்டிக்கொண்டதாமே? கருப்பு தாராளமாக வந்து சோதனை போடட்டும். எங்கள் கிளப்பில் சீட்டு என்றால் வசூல் ரசீது. சரக்கு என்றால் இருபது கிலோ பச்சரிசி.

நடந்தது இதுதான். இங்கே 1936-லேயே லண்டன் தமிழ்ச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கோ ஊருக்கொரு சங்கம், பள்ளிக்கூடத்துக்கொரு பழைய மாணவர் சங்கம். கோடை வந்தால் கிரிக்கெட், குளிர் வந்தால் ஆண்டு விழா. அதைப் பார்த்துத்தான் நம் மேலூர்க்காரர் ஒருவருக்கு ரோசம் வந்துவிட்டது. "சங்கம் வச்சுத் தமிழ் வளத்த ஊருண்ணே நமக்கு. ஒரு சங்கம் இல்லையா?" என்று டீக்கடையில் கேட்டார். அப்போது நாங்கள் ஏழு பேர். டீக்குக் காசு கொடுத்தது நான் என்பதால் என்னைச் செயலாளராக்கினார்கள்.

இந்த நாட்டில் சின்னச் சங்கம் வைக்க அரசாங்கத்திடம் பதிவுகூட வேண்டியதில்லை. தர்ம ஸ்தாபனம் என்று வைத்துக்கொண்டு ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால்தான் பதிவு. ஆனால் வங்கிக்காரன் விடவில்லை. கணக்குத் திறக்க, எழுதிய விதிமுறை வேண்டும், கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும் என்றான். ராத்திரி உட்கார்ந்து தட்டினேன். முதல் விதி: "உறுப்பினர் மதுரை மாவட்டத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும்." அவ்வளவு சின்ன வரி. பெரியாறு அணைக்குக்கூட இத்தனை சண்டை நடந்திருக்காது.

முதலில் தேனிக்காரர் வந்தார். வெளியூர் என்று நிறுத்தினோம். பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் போட்டார். பிறந்தது 1978. தேனி தனி மாவட்டமானது 1996-ல். "நான் பொறந்தப்ப அது மதுரை ஜில்லா. ஊரு என்னை விட்டுப் போச்சு, நான் எங்கிட்டும் போகலையே?" என்றார். பதில் இல்லை. சேர்த்துக்கொண்டோம். அதைக் கேட்டுத் திண்டுக்கல்லிலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். திண்டுக்கல் பிரிந்தது 1985-ல். அண்ணன் பிறந்தது 1983, தம்பி 1988. ஒரே வீடு, ஒரே மருத்துவச்சி. விதிப்படி அண்ணன் மதுரைக்காரர், தம்பி அயலூர். தம்பி பிரியாணிப் பொறுப்பை ஏற்பதாகச் சொன்னதால் அவருக்கு மட்டும் மாவட்டப் பிரிவினையை ரத்து செய்தோம்.

மானாமதுரைக்காரர் வேறு தினுசு. "என் ஊர்ப் பேர்லயே மதுரை இருக்கு. உங்க மேலூர்ல இருக்கா?" என்று ஆரம்பித்தார். பெயரை வைத்துச் சேர்த்தால் வடமதுரையில் தொடங்கி வடநாட்டு மதுரா வரை வந்து நிற்கும் என்று மறுத்தேன். உடனே அவர், ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கியதே 1910-ல்தான், அதற்கு முன்னால் சிவகங்கைச் சீமை முழுக்க மதுரை ஜில்லா என்றார். அவர் பிறந்தது 1981. "கொள்ளுத்தாத்தாவுக்கு வேணும்னா உறுப்பினர் அட்டை தர்றோம்ணே" என்று நான் அலப்பறை செய்தேன். கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது வட்டி கட்டுகிறேன்.

இடையில் மதுராந்தகத்துக்காரர் ஒருவரும் விண்ணப்பித்தார். மதுராந்தகன் என்றால் மதுரைக்கு எமன்; சோழன் நம் மேல் வஞ்சம் வைத்துச் சூடிய பட்டம். யோசித்துப் பார்த்தோம். எமன் தேவைப்படுகிற இடம் ஒன்று சங்கத்தில் இருக்கத்தான் செய்தது. அவரைக் கணக்குத் தணிக்கையாளர் ஆக்கிவிட்டோம்.

பொற்றாமரைக் குளத்துச் சங்கப்பலகை தகுதியான புலவருக்கு மட்டும் இடம் கொடுத்து விரியும் என்பார்களே, எங்கள் வாட்ஸ்அப் குழு யார் வந்தாலும் விரிந்தது. கடைச்சங்கப் புலவர்கள் 49 பேர். எங்களில் ஐம்பதாவது ஆள் சேர்ந்த அன்றே பிரிந்து போவதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது.

இனி பொங்கல். பதினான்காம் தேதி இங்கே சூரியன் எழவே காலை எட்டு மணி ஆகிறது, நாலேகாலுக்கெல்லாம் அடைந்துவிடுகிறது. அன்றைக்கு லீவும் கிடையாது. எனவே அடுத்த சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஹாலைப் பிடித்தோம். எத்தனை பேர் வருவீர்கள் என்று குழுவில் கேட்டால் 38 பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மற்றவர்கள் "பாப்போம்" என்றார்கள். கட்டைவிரலுக்குப் "பார்த்துவிட்டேன்" என்று அர்த்தம், "பாப்போம்" என்றால் குடும்பத்தோடு வருகிறோம் என்று அர்த்தம். வந்தது 110 பேர். பத்து மணிக்கு அழைத்தேன், பன்னிரண்டரைக்குத்தான் ஆள் சேர்ந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கே பிந்தி வந்த அழகர் ஊர்க்காரர்களை நான் என்ன சொல்ல?

ஹாலில் தீ மூட்டக்கூடாது, இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான். வெண்கலப் பானையை ஏற்றினோம். காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அந்த அடுப்பு கண்டுகொள்ளாது என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. பானை கல்லு மாதிரிக் குளிர்ந்து கிடக்க, சுற்றி நின்று எல்லோரும் யோசனை சொன்னார்கள். கடைசியில் குக்கர். பால் பொங்குவதைக் கண்ணால் பார்க்க முடியாதே? முதல் விசிலுக்குப் "பொங்கலோ பொங்கல்" என்று குலவை போட்டுவிட்டார்கள். மூன்று விசிலுக்கும் மூன்று குலவை. அந்த உற்சாகத்தில் உசிலம்பட்டி அக்கா சாம்பிராணி போட, தீ எச்சரிக்கை மணி அலறியது.

110 பேரும் கார் நிறுத்தும் இடத்தில். இரண்டு டிகிரி குளிர். பட்டுச்சேலைக்கு மேல் ஆளுக்கொரு ஆண்பிள்ளைக் கோட்டு. தீயணைப்பு வண்டி வந்து, பார்த்து, போக இருபத்தைந்து நிமிடம். சொன்னால் நம்பமாட்டீர்கள், விழாவே அங்கேதான் நடந்தது. உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைத்தபோது ஆளுக்கொரு போனைத் தடவிக்கொண்டிருந்தவர்கள், வெளியே நடுங்கிக்கொண்டே ஜிகர்தண்டா குடித்தபடி லந்து பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆமாம், ஜிகர்தண்டாதான். மெனு போட்டது கமிட்டி, வெயில் காலத்துப் பயலுகள். அழகர் இந்த வருடம் என்ன நிறப் பட்டு உடுத்துவார் என்று ஒரு பக்கம் பந்தயம். சித்திரைத் திருவிழாவை மே முதல் திங்கட்கிழமை லீவுக்கு மாற்றி, தேம்ஸில் அழகரை இறக்கலாமா என்று இன்னொரு பக்கம் வாதம். எப்போதும் தண்ணீர் ஓடுகிற ஆற்றில் இறங்கி என்ன மரியாதை என்று தேனிக்காரர் கேட்டார். அணையைத் திறந்து தண்ணீர் விட்டால்தானே நமக்கு அது வைகை!

அந்த நேரம் பார்த்து மானாமதுரைக்காரர், எல்லோருக்கும் கேட்கும்படி, "செயலாளர் எங்க பிறந்தீங்க?" என்றார். "இதென்ன கேள்வி, சிம்மக்கல்" என்றேன். "பாஸ்போர்ட்ட எடுங்களேன், பாப்போம்."

வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன் சித்தப்பா. பிறந்த இடம்: அருப்புக்கோட்டை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் அல்லவா! நான் பிறந்த 1979-ல் அது ராமநாதபுரம் மாவட்டம், இப்போது விருதுநகர். எப்படித் திருப்பினாலும் மதுரை இல்லை. நான் எழுதிய முதல் விதியில் நானே வெளியே நிற்கிறேன். அருப்புக்கோட்டையை மதுரையில் சேர்க்கிற வரைபடம் ஒன்றே ஒன்றுதான்: 1910-க்கு முந்தியது.

ஒரு பிடிமானம் இருக்கிறது. 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய பாண்டித்துரைத் தேவர், அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துப் பாலவநத்தம் ஜமீன்தார். அவர் 1867-ல் பிறந்தது ராமநாதபுரத்தில். அவரைச் சேர்த்துக்கொள்ளவும் எங்கள் சங்கத்துக்கு அதே பழைய வரைபடம்தான் வேண்டும். இதை மானாமதுரைக்காரரிடம் சொன்னேன். "கொள்ளுத்தாத்தாவுக்கு அட்டை குடுத்துருவோம்ணே" என்றார்.

அதனால் ஒரு உதவி. தமிழ்ச் சங்கம் ரோட்டில் உங்கள் கூட்டாளி ஒருவர் கடை வைத்திருக்கிறாரே, அவரைக் கூட்டிக்கொண்டு சங்கத்து நூலகத்தில் பழைய மதுரை ஜில்லா வரைபடம் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் அருப்புக்கோட்டை மேல் விரலை வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மாசிக் கடைசியில் பொதுக்குழு.

அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள். "என் மகன் எங்கப்பா வீட்டுல பொறந்தவன்" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் முழக்கிவிடும், மானாமதுரைக்காரரிடம் நம் வீட்டு நம்பர் வேறு இருக்கிறது. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டால், இரண்டு சீட்டுக்கட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்