சாம்பலில் புரண்ட கெளுத்தி

கோவில்பட்டிப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும் கண்மாயை நம்பித்தான் ஆடுமாடும் மீனும். பங்குனியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் கண்மாயை அழிப்பார்கள். ஊத்தா, கச்சா, எதுவும் இல்லாதவர்களுக்குப் பழைய வேட்டி என்று ஊரே சகதியில் இறங்கும். தூத்துக்குடிக் கடல் சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனாலும் கடல் மீன் அன்று எங்கள் வீட்டுக்குப் பெரும்பாலும் கருவாடாகவே வந்தது. பச்சை மீன் என்றால் கண்மாய் மீன்.

கண்மாய் அழித்த அன்றைக்குச் சாயங்காலம் ஆச்சி அருவாமனையோடு முற்றத்தில் உட்காருவாள். முதலில் கெளுத்தி. முதுகிலும் செவுளை ஒட்டி இரு பக்கமும் நிற்கிற முள்ளை அவள் ஒடித்துப்போட்ட பிறகுதான் பிள்ளைகள் கை வைக்கலாம்; குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். கெளுத்திக்குச் செதில் கிடையாது, உடம்பெல்லாம் வழுவழுப்பு. அடுப்புச் சாம்பலில் புரட்டினால் பிடி கிடைக்கும். அப்புறம் சொரசொரப்பான கல்லில் தோல் வெளுக்கும்வரை உரச வேண்டும்.

கெண்டைக்கு வேறு முறை. வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டிச் செதில் எடுத்து, செவுளைப் பிடுங்கி, வயிற்றை மேலாகக் கீறிக் குடலை உருவுவாள். “பித்து ஒடஞ்சா சட்டியே கசந்துபோகும், பாத்து எடுங்க பிள்ளைகளா” என்பாள். கெண்டைச் சதைக்குள் மெல்லிய முள் நிறைய ஓடும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட முடியாது. இரண்டு பக்கமும் நெருக்க நெருக்கமாகக் கீறிவிட்டால், காய்ந்த கடலையெண்ணெய் கீறலுக்குள் இறங்கி அந்த முள்ளும் முறுகிவிடும். சின்னப் பிள்ளைகளும் பயமில்லாமல் மென்று தின்பார்கள்.

மசாலா தடவுமுன் புளித்தண்ணீரில் ஓர் அலசு. கண்மாய் மீனின் சேற்று வாடைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்கிற பொருள். தண்ணீரில் நீலப்பச்சைப் பாசியும் மண்ணில் சில நுண்ணுயிரிகளும் அதை உண்டாக்குகின்றன. முதல் மழைக்குக் கரிசல் மண் வாசம் கிளம்புவதும் அதனால்தான். புளிப்பு பட்டால் அது சிதையும், வாடை அடங்கும்.

இன்று கோவில்பட்டியில் கடல் மீன் ஐஸ் பெட்டியில் வந்து இறங்குகிறது. கிடைக்காமல் போனது எங்கள் கண்மாய் மீன்தான். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் புகுந்துவிட்டது. மீன்பாசி ஏலம் எடுத்தவர்கள் விடுவது கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள். மிச்ச இடத்தை ஜிலேபிக் கெண்டை பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீனை ஏழை எளியவர்களுக்கு உணவாகும் என்று 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நன்றாகத்தான் பெருகியது. ஆனால் அது பெருகிய எங்கள் ஊர்க் கண்மாயில் உளுவையையும் அயிரையையும் காணோம்.

மீன் ஆய்வதும் வீட்டைவிட்டுக் கடைக்குப் போய்விட்டது. அவசரத்தில் துண்டு போட்டுத் தரும்போது ஜிலேபி வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வும், நடுமுள்ளோரம் உறைந்த ரத்தமும் அப்படியே தங்கிவிடுகின்றன. வாடையும் கசப்பும் அவற்றிலிருந்தும் வருகின்றன. பழி முழுக்கக் கண்மாய் மேல் விழுகிறது.

இதுதான் என் வருத்தம். கெளுத்தியைத் தொடப் பயப்படுகிற வீட்டில் யாரும் கெளுத்தியைத் தேட மாட்டார்கள். தேடாத மீன் கண்மாயில் இல்லாமல் போனால், ஏன் என்று கேட்க ஊரில் ஆள் இருக்காது. ஆகவே மீனை முழுசாக வாங்குங்கள். கேஸ் அடுப்பில் சாம்பல் ஏது என்று கேட்க வேண்டாம், கல்லுப்பும் கொஞ்சம் அரிசி மாவும் போதும், வழுவழுப்பு போய்விடும். பேரன் பேத்திகளைப் பக்கத்தில் உட்காரவைத்து முள் எங்கே, பித்து எங்கே என்று காட்டிக்கொடுங்கள். அடுத்த ஏலத்தின்போது, நாட்டு மீனுக்கும் இடம் விடச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் பேசப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.