பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போடுங்க!

(இந்த வாரக் கேள்விகள் அனைத்தும் விருதுநகர் மாவட்டத்திலிருந்து. எல்லாருமே பெயரை மறைக்கச் சொல்லிவிட்டார்கள். விஷயம் அப்படி!)

? கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு. மருமகளை எல்லா டாக்டரிடமும் காட்டியாச்சு, இருக்கன்குடி மாரியம்மனுக்கும் நேர்ந்தாச்சு. இன்னும் என்ன பாக்கி? (ஒரு மாமியார், சாத்தூர்)

உங்கள் மகன்தான் பாக்கி! குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. மருமகளுக்கு ஸ்கேன், ரத்தம், குழாய் சோதனை என்று அடுக்குகிறீர்கள். மகனின் விந்துப் பரிசோதனைக்கு ஒரே ஒரு டப்பா போதும். வலி கிடையாது, வெட்கம்தான் கொஞ்சம் உண்டு.

? விந்துப் பரிசோதனையில் ‘மொட்டிலிட்டி 35%’ என்று வந்திருக்கிறது. 35 எடுத்தால் பாஸ்தானே? (திருத்தங்கல்)

அது பத்தாம் வகுப்புக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, அசையும் விந்தணுக்கள் 42 சதவீதமும், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதமும் கீழ் எல்லை. பயப்படாதீர்கள். ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தார்கள். பெயிலானாலும் அப்பா ஆகலாம்! அது சரி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினீர்களா? ஒரு மணி நேரத்துக்குள் மைக்ராஸ்கோப்புக்குப் போகாவிட்டால் நல்ல விந்தணுவும் சோர்ந்துபோகும். ஆய்வகத்திலேயே கொடுங்கள். சில வாரம் கழித்து இன்னொரு தடவையும் பாருங்கள்.

? பட்டாசு ஆபீஸில் மணி மருந்து வேலை. வெயிலும் மருந்தும் ‘அந்த’ விஷயத்தைக் கெடுக்குமா? (வெம்பக்கோட்டை)

விதைப்பை, உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் அது உடம்புக்கு வெளியே இருக்கிறது. ஓயாத சூடு ஆகாது. மருந்துகளில் ஈயம் நிச்சயமான எதிரி. விந்தணுவின் எண்ணிக்கை, ஓட்டம் இரண்டையும் குறைக்கும். ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே தடை போட்டுவிட்டது. கை கழுவாமல் தூக்குவாளியைத் திறக்காதீர்கள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் நுழையாதீர்கள். விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஆடியில் அடித்த காய்ச்சல் ஐப்பசி ரிப்போர்ட் வரை பேசும்!

? பருத்திப்பால் குடித்தால் குழந்தை பிறக்காது என்கிறானே என் நண்பன்? (ராஜபாளையம்)

நண்பர் பாதிப் பாடம் படித்திருக்கிறார். பருத்திக்கொட்டையில் காசிபோல் என்றொரு பொருள் உண்டு. சீனாவில் பக்குவப்படுத்தாத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்த கிராமங்களில் பிள்ளைப்பேறு குறைந்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது. 1970-களில் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அதையே கருத்தடை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணு ஓய்ந்தது. ஆனால் சிலருக்குப் பொட்டாசியம் இறங்கியது, சிலருக்கு விந்தணு திரும்பவே இல்லை. ஆகவே கைவிட்டார்கள். அது பிரித்தெடுத்த மருந்து, தினசரி டோஸ். தள்ளுவண்டியில் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கொதிப்பது வேறு. சூட்டில் காசிபோலின் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டி வீரியம் இழந்துவிடும். தாராளமாகக் குடியுங்கள். அதை நம்பிக் குடும்பக் கட்டுப்பாடு மட்டும் செய்யாதீர்கள்!

? ஆண்களுக்குக் கருத்தடை மாத்திரை எப்போதுதான் வரும்? (சிவகாசி)

எலிக்கு வந்துவிட்டது! விந்தணுவின் வாலில் ‘கேட்ஸ்பர்’ என்ற கால்சிய வாசல் இருப்பது 2001-இல் தெரியவந்தது. அது திறந்தால்தான் வால் ஓங்கி அடித்து முட்டைக்குள் புக முடியும். அடைத்துவிட்டால் ஆட்டம் குளோஸ். 2023-இல் நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் ஆய்வாளர்கள் வேறு வழியில், ஒரு நொதியை முடக்கி, எலிகளின் விந்தணுவை இரண்டரை மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். மறுநாள் பழையபடி ஓடியது. கரக்பூர் ஐஐடி பேராசிரியர் சுஜாய் குஹாவின் ‘ரிசுக்’ என்ற ஆண் கருத்தடை ஊசியை 303 ஆண்களிடம் சோதித்த முடிவும் அதே ஆண்டில் வெளியானது.

சரி, கையில் இருக்கிற வழியை யார் தொடுகிறார்கள்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். குழந்தை போதும் என்று முடிவெடுத்தவர் மாத்திரைக்குக் காத்திருக்க வேண்டாம். கத்தியில்லா வாசெக்டமி அரசு மருத்துவமனையில் இலவசம், சில நிமிட வேலை. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் ‘பூஜ்யம்’ என்று வரும்வரை ஆணுறையை விடாதீர்கள். வாழ்க்கையில் பூஜ்யம் வாங்கிப் பெருமைப்படக்கூடிய ஒரே பரீட்சை அதுதான்!